லிஃப்டில் மாட்டிய சோபா

கேம் செய்கிறவர்கள் என்னிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் கேமும் முடிந்திருக்கும், கையிலிருந்த பணமும் முடிந்திருக்கும். கணினி கேம்களை விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் இடம் பிடிக்க 100 அமெரிக்க டாலர் கட்டியாயிற்று, டிரெய்லருக்கு நண்பன் ஒருவன் இசை போட்டுக் கொடுத்தாயிற்று, மிச்சம் இருப்பது படம் மட்டும். "அக்கா, ஒரு கேப்ஸ்யூல் வேணும். சின்னதுதான்." கடையில் ஒவ்வொரு கேமுக்கும் முகமாக நிற்கிற அந்தச் செவ்வகத்துக்கு ஸ்டீமில் கேப்ஸ்யூல் என்றுதான் பெயர். சின்னது என்பது உண்மைதான். என் கூலி அதனால் குறையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

பகலில் நான் பாடநூல்களுக்குப் படம் வரைகிறேன். பின்னத்தை விளக்கும் கேக், பச்சையத்தை விளக்கும் இலை, நல்லொழுக்கத்தை விளக்கும் பிள்ளைகள். இரவில், சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்து வீட்டில் பிள்ளை தூங்கிய பிறகு கேப்ஸ்யூல். இந்தத் தீவில் சொந்தமாகக் கேம் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் செய்து கொடுத்தால் அடுத்தவர் தானாக வந்துவிடுவார்.

அண்மையில் வந்தவன் ஒரு தம்பி. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து, தேசிய சேவை முடித்து, இரண்டுக்கும் நடுவிலேயே ஆரம்பித்த கேமை இப்போதுதான் முடிக்கப் போகிறான். எழுதிக்கொள்ளச் சம்மதம் கொடுத்திருக்கிறான், பெயர் மட்டும் போட வேண்டாம் என்றான்.

கேம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1990களின் வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக் ஒன்று. பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 1, 5, 9 என்று சில மாடிகளில்தான் நிற்கும். ஏழாம் மாடிக்காரர் ஒன்பதில் இறங்கிப் படியில் கீழே வருவார், அல்லது ஐந்தில் இறங்கி மூச்சு வாங்க ஏறுவார். 2001-இல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான் ஒவ்வொரு புளோக்காக அந்த நிலை மாறியது. இந்தக் கேமில் நீங்கள் வீடு மாற்றிக் கொடுக்கிற ஆள். சோபா, அலமாரி, சாமி படம், கேஸ் தோம்பு எல்லாவற்றையும் அந்த லிஃப்டுக்குள் திணித்து, நிற்காத மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். திருப்பி, சாய்த்து, நெம்பி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் திட்டு வாங்கி. வேலைப் பெயர் 'ஒன்பதாம் மாடி'.

அவனே வரைந்து ஸ்டீமில் ஏற்றியிருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினான். இரவு நேரம். நீளமான தாழ்வாரம். கடைசியில் லிஃப்ட் கதவு பாதி திறந்து, உள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிகிறது. ஆளே இல்லை. ஓவியமாகப் பார்த்தால் அருமை. பையனுக்கு வெளிச்சம் போடத் தெரியும், அதை அவனிடம் சொன்னேன். ஆனால் கேமின் கலந்துரையாடல் பகுதியில் முதல் கேள்வியே "பேய் எந்த மாடியில் வரும்?" என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவர், பேய்க் கேம்களை மட்டுமே சேர்த்து வைக்கிறவராம், விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில், போட்டுவிட்டேன் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார்.

"கிளிக் வருதுல்ல அக்கா?" என்றான். வரும். தவறான ஆளிடமிருந்து வரும். பேய் தேடி வந்தவர் காசு கொடுத்து வாங்கி, சோபா தூக்கச் சொன்னால் என்ன செய்வார்? ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேட்பார். போகிற போக்கில் ஒரு கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டும் போவார். இதைவிட மோசமானது, வராமல் போகிறவர்கள். பொருள்களை அடுக்கி, நகர்த்தி, பொருத்திப் பார்ப்பதில் சுகம் காண்கிற ஒரு பெரிய கூட்டம் ஸ்டீமில் இருக்கிறது. அவர்கள் அந்த இருண்ட தாழ்வாரத்தைப் பார்த்து, இது நமக்கில்லை என்று கடந்துபோயிருப்பார்கள். அவர்கள் யாரும் கேள்வி எழுதிவைக்கப் போவதில்லை.

இதனால்தான் நான் யாரிடமும் முதலில் "எப்படிப் படம் வேண்டும்?" என்று கேட்பதில்லை. "உன் கேமில் கை என்ன செய்கிறது?" என்று கேட்பேன். கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். உலகம், கடந்த காலம், கதாநாயகியின் சோகம். எல்லாம் சரி, கை என்ன செய்கிறது? வெட்டுகிறதா, நடுகிறதா, சீட்டு போடுகிறதா, ஓடி ஒளிகிறதா? அந்த ஒரு வினைச்சொல் படத்தில் தெரிந்தால் போதும். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "திணிக்குது" என்றான். அவ்வளவுதான். படம் அங்கேயே கிடைத்துவிட்டது: லிஃப்ட் கதவில் குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு சோபா.

அளவுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் வழுக்குவது இங்கேதான். ஸ்டீம் ஒரு படம் கேட்பதில்லை, ஒரு குடும்பத்தையே கேட்கிறது. கடைப் பக்கத்தின் தலையில் நிற்கிற ஹெடர் கேப்ஸ்யூல் 920-க்கு 430 பிக்சல். முகப்பில் பெரிதாக வரக்கூடிய மெயின் கேப்ஸ்யூல் 1232-க்கு 706. விற்பனைக் காலங்களில் எட்டிப் பார்க்கிற செங்குத்துக் கேப்ஸ்யூல் 748-க்கு 896. பட்டியல்களுக்கான சின்னக் கேப்ஸ்யூல் 462-க்கு 174. வாங்கியவருடைய லைப்ரரியில் நிற்பது 600-க்கு 900. அதே லைப்ரரியில் கேமைத் திறந்தால் மேலே விரியும் ஹீரோ படம் 3840-க்கு 1240. அதில் எழுத்தே இருக்கக் கூடாது, லோகோவைத் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்கி ஸ்டீமே மேலே வைத்துக்கொள்ளும். கடைக்கான முதல் நான்கும் முன்பு இதில் சரிபாதி அளவில்தான் இருந்தன. திரைகள் கூர்மையாகிவிட்டதால் இரட்டிப்பாக்கினார்கள். பழைய கட்டுரைகளில் 460-க்கு 215 என்று படித்துவிட்டு அந்த அளவிலேயே வரைந்து கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரட்டிப்பானது கோப்பு மட்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாகவில்லை. சின்னக் கேப்ஸ்யூலிலிருந்து ஸ்டீம் தானாகவே இன்னும் இரண்டு குட்டிகளைச் செய்துகொள்கிறது: 184-க்கு 69, 120-க்கு 45. தேடினால் வரும் பட்டியலில் உங்கள் கேம் அந்த 120-க்கு 45-இல்தான் நிற்கும். மொத்தம் 5,400 பிக்சல். முழுத்திரையில் நெருக்கிப் பார்த்துக்கொண்டே கண் இமையில் ஒவ்வொரு முடியாக வரைந்தீர்களே, அந்த முகமே அங்கே நாலைந்து புள்ளிதான்.

அதனால் நான் தலைகீழாகத் தொடங்குவேன். முதல் கோடு போடுவது 120-க்கு 45 கட்டத்துக்குள். அதுவும் கறுப்பு, வெள்ளை, ஒரு சாம்பல், மூன்றே நிறத்தில். அங்கே என்ன பிழைக்கிறதோ அதை மட்டும்தான் பெரிதாக்குவேன். எல்லாரும் அழகான பெரிய படம் ஒன்றை வரைந்து, பிறகு அதைச் சுருக்கிச் சுருக்கி, லோகோவை எங்காவது ஒட்டுகிறார்கள். சுருக்கும்போது நூல் போன்ற வெளிக்கோடுகள்தான் முதலில் செத்துப்போகும். அப்புறம் நடுத்தர நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகும். சின்னக் கேப்ஸ்யூலை ஒருபோதும் பெரியதைச் சுருக்கிச் செய்யாதீர்கள். அதைத் தனியாக வரையுங்கள். அதில் லோகோவே கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளட்டும், பின்னால் ஒரே ஒரு உருவம். ஸ்டீமின் வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு.

கட்டுமான இடங்களின் வேலியில் தொங்குமே, நான்கு மொழியில் அபாயம் என்று எழுதி நடுவில் கைநீட்டித் தடுக்கிற ஆள் படத்தோடு, அந்தப் பலகை மாதிரி. நான்கு மொழியையும் நின்று வாசித்தவர் யாரும் இல்லை. சிவப்பும் அந்த ஆளும் போதும், தள்ளிப் போய்விடுகிறோம். கேப்ஸ்யூலில் தள்ளிப் போகக் கூடாது, கிட்டே வர வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சோபாவுக்கு நிறம் தேர்ந்தெடுத்த கதை தனி. தம்பிக்குப் பழுப்பு வேண்டும், ஏனென்றால் அவன் பாட்டி வீட்டுச் சோபா பழுப்பு. நான் முதலில் செய்தது, ஸ்டீமைத் திறந்து, இதே வகைக் கேம்கள் வரிசையாக நிற்கிற பக்கத்தைத் திரைப்பிடித்து, நடுவில் ஒன்றை அழித்துவிட்டு எங்கள் கட்டத்தை வைத்துப் பார்த்ததுதான். இதைச் செய்யாமல் யாரும் கேப்ஸ்யூல் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது என்பேன். ஸ்டீமின் பின்னணி கருநீலம். ஓரங்களை இருட்டாக விட்டால் படத்துக்கு விளிம்பே இருக்காது, பக்கத்துக்குள் கரைந்துபோகும். தம்பியின் பழைய தாழ்வாரம் அப்படித்தான் கரைந்து, நடுவில் ஒரு மஞ்சள் கீற்று மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள். அமைதியான, மனசுக்கு இதமான கேம்கள் நிற்கிற வரிசையில் எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு, வெண்ணெய் நிறம், இளம்பச்சை. அந்த வரிசையில் பழுப்புச் சோபா மண்மூட்டை. கத்தரிப்பூ நிறத்தில் பூப்போட்ட சோபா வைத்தேன், லிஃப்ட் கதவுக்கு அந்தக் காலத்து ஆரஞ்சு. இரண்டும் சேர்ந்தால் கண்ணைக் குத்துகிறது என்றான். குத்தட்டும்.

இருந்தாலும் வகையின் வழக்கத்தை முழுக்க உதறிவிடக் கூடாது. சீட்டுக் கேம் என்றால் விசிறிபோல் விரிந்த சீட்டுகள், நகரம் கட்டுகிற கேம் என்றால் மேலே பறந்து பார்ப்பதுபோல் ஒரு சாய்ந்த காட்சி, பேய் என்றால் இருட்டில் பாதி முகம். "எல்லாரும் செய்கிறார்களே" என்று இளப்பமாகச் சொல்வார்கள். எல்லாரும் செய்வதால்தான் அது வேலை செய்கிறது. வாங்குகிறவர் தன் வகையை அரை நொடியில் அடையாளம் காண்கிற வழி அது. ஐந்து வழக்கங்களில் நான்கை வைத்துக்கொண்டு ஒன்றை உடைப்பது என் பழக்கம். இங்கே உருண்டையான எழுத்து, வெதுவெதுப்பான வெளிச்சம், வட்ட முகம் கொண்ட ஆட்கள், சுத்தமான வெளிக்கோடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. உடைத்தது அமைதியை. சோபாவுக்கு ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து முழி பிதுங்குகிற ஆள், மறுபக்கம் லிஃப்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டு பிளாஸ்டிக் பையோடு முறைக்கிற பாட்டி. பாட்டியின் புருவம்தான் படத்தின் உயிர். சின்ன அளவில் புருவம் மட்டும் நிற்குமாறு அதைப் பெருக்கல் குறியின் ஒரு கோடு அளவுக்குத் தடிப்பாக்கினேன்.

இப்போது எழுத்து. தமிழில் கேம் செய்கிறவர்கள் பெருகுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தம்பிக்குத் தலைப்பு இரண்டு மொழியிலும் வேண்டும். ஆங்கிலம், அதற்குக் கீழே தமிழ், எல்லா அளவிலும். 120-க்கு 45-இல் கணக்குப் போட்டுக் காட்டினேன். 45 பிக்சல் உயரத்தில் இரண்டு வரி என்றால், மேலும் கீழும் கொஞ்சம் மூச்சு விட்டு, வரிக்கு 20 பிக்சல்கூடத் தேறாது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அந்த 20-உம் உடம்புதான். மேலே கொம்பு இல்லை, கீழே வால் இல்லை. 'ஒன்பதாம் மாடி'யைப் பாருங்கள். ன், ம் இரண்டுக்கும் மேலே புள்ளி. டி-யின் மேலே வளைந்து இறங்கும் கொக்கி. ஒ-வுக்குக் கீழே சுழித்த வால். மேலேயும் கீழேயும் இடம் விட்டது போக எழுத்தின் உடம்புக்கு 11, 12 பிக்சல் மிஞ்சும். அதில் கோட்டுக்கு 2 பிக்சல் தடிமன் கொடுத்தால் ன-வின் சுழி அடைத்துக்கொள்கிறது. 1 பிக்சல் கொடுத்தால் எழுத்தே பின்னணியில் காணாமல் போகிறது. ண, ணை, ஞ வருகிற தலைப்புகள் இன்னும் பாவம். நல்லவேளை இவன் தலைப்பில் அவை இல்லை.

இதற்கு எழுத்துருவைக் குறை சொல்வது சுலபம். கணினியில் கிடைக்கிற தமிழ் எழுத்துருக்களில் பல நீண்ட பத்திகளை வாசிப்பதற்காகச் செய்தவை. தலைப்புக்கு அவற்றைத் தடிப்பாக்கினால் வெளிக்கோடு மட்டும் வீங்கி, உள்வெளி சுருங்கிவிடும். தமிழ்த் தலைப்புக்கு உள்வெளிதான் முக்கியம் என்பது என் அனுபவம். ப-வுக்குள்ளே இருக்கிற அந்தக் கிண்ணம், ம-வின் வலப்பக்க வளைவுக்குள் இருக்கிற அறை, இவை திறந்திருந்தால் தூரத்திலிருந்தும் எழுத்து தெரியும். அதனால் கையால்தான் எழுதுகிறேன். படுக்கைக் கோடுகளைத் தடிப்பாக, நிற்கும் கோடுகளைக் கொஞ்சம் மெலிதாக. சுழிகளைச் சுழிக்காமல் வெறும் மடிப்பாக. புள்ளியை ஒரு தூசு மாதிரி வைக்காமல் துணிந்து பெரிதாக. அந்தக் காலத்துச் சினிமா விளம்பரத் தட்டிகளிலும், சிராங்கூன் ரோடு பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற கையெழுத்துப் பெயர்ப்பலகைகளிலும் இந்த வித்தையெல்லாம் இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் பேருந்திலிருந்து பார்க்கிறவனுக்காக எழுதினார்கள்.

பெரிதாக்கிய புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவை லிஃப்ட் பொத்தான்களாகிவிட்டன. ன்-மேல் இருப்பது அணைந்த பொத்தான், ம்-மேல் இருப்பது எரிகிற ஆரஞ்சுப் பொத்தான். இந்த வேலையில் எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்ட இடம் இது ஒன்றுதான்.

ஆனாலும் சின்னக் கேப்ஸ்யூலில் தமிழை வைக்கவில்லை. ஸ்டீமில் கேமின் பெயர் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது, தேடுகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள், பட்டியலிலும் அதைத்தான் கண் தேடும். இரண்டு எழுத்து முறைகளை அந்த 5,400 பிக்சலுக்குள் விட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும். "எங்க அம்மா படிக்கணும் அக்கா" என்றான். நெஞ்சைத் தொடுகிற வாதம்தான். ஆனால் அவன் அம்மா ஸ்டீமில் தேடல் பட்டியலில் இறங்கப் போவதில்லை. வீட்டில் அவன் பெருமையாகத் திறந்து காட்டப்போவது லைப்ரரியை. 600-க்கு 900 என்கிற அந்த நெடுங்கட்டத்தில் இடம் தாராளம். அங்கே தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. சொந்தமாகக் கேம் செய்கிறவர்கள் தங்கள் கேம்களை வைக்கிற இட்ச் தளத்தில் முன்னோட்டப் பதிப்பு வைத்திருக்கிறான், அதற்கு 630-க்கு 500 அட்டை. அங்கே தமிழ் மட்டுமே, பொத்தான்களோடு. ஹெடரிலும் மெயினிலும் ஆங்கிலம். எல்லா அளவிலும் எல்லாமும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டம் என்றதும் ஒன்று. 2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ உபதலைப்பு, இவை மட்டும்தான் இருக்கலாம் என்று ஸ்டீம் சொல்லிவிட்டது. விருது இலச்சினை, விமர்சகர் கொடுத்த நட்சத்திரம், "இப்போது தள்ளுபடியில்", அடுத்த கேமுக்கு விளம்பரம், எதுவும் கூடாது. பெரிய மேம்படுத்தல் வந்தால் அதற்கென்று தற்காலிகப் படம் வைக்கலாம், அதிகபட்சம் ஒரு மாதம். நிறையப் பேர் அப்போது புலம்பினார்கள். எனக்கு நிம்மதி. "அக்கா, அந்த மூலையில் ஒரு விருது..." என்று கேட்கிறவர்களிடம் இனி வாதாட வேண்டியதில்லை, விதியைக் காட்டினால் போதும்.

படம் சரியா என்று சோதிப்பதற்கு என்னிடம் ஆடம்பரமான முறை ஏதும் இல்லை. கைப்பேசியில் அந்த வரிசைப் பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, ஒரு நொடி காட்டிவிட்டு மூடிவிடுவேன். அப்புறம், "நல்லா இருக்கா?" என்று கேட்கவே மாட்டேன். நம் ஆட்கள் மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "என்ன விளையாட்டு அது?" என்று கேட்பேன். பழைய படத்துக்கு கோப்பிக்கடையில் என் அண்ணன் சொன்ன பதில், "ஏதோ பேய்." புதியதற்கு என் மாமியார், கேம் என்றால் பல்லாங்குழிக்குப் பிறகு எதுவும் விளையாடாதவர், "யாரோ வீடு மாத்துறாங்க, அந்த அம்மா திட்டப் போறாங்க" என்றார். இன்னொரு சோதனை, படத்தை முழுக்கச் சாம்பல் நிறமாக மாற்றுவது. நிறம் போனதும் சோபாவும் கதவும் ஒரே சாம்பலாகிவிட்டால், நிறம் மட்டும்தான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆரஞ்சும் கத்தரிப்பூவும் முதலில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. கதவை இரண்டு படி வெளுப்பாக்கி, சோபாவை இருட்டாக்கிய பிறகு பிரிந்தன.

எண்களும் உண்டு. கேம் செய்கிறவர்களுக்கான ஸ்டீமின் நிர்வாகத் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் உங்கள் கேப்ஸ்யூல் எத்தனை தடவை கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை வந்த வழிவாரியாகப் பிரித்துக் காட்டுவார்கள். மொத்த எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். தேடல் பட்டியலில் பார்த்தவரும், இன்னொரு கேமின் அடியில் "இதுபோன்றவை" வரிசையில் பார்த்தவரும் வேறு வேறு மனநிலையில் இருக்கிறார்கள். படம் மாற்றினால் அதே வழியின் முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஸ்டீம் நடத்துகிற நெக்ஸ்ட் ஃபெஸ்ட் மாதிரி திருவிழா வாரத்தில் மாற்றிவிட்டு, "பார்த்தீர்களா, படம் வேலை செய்கிறது" என்று கூத்தாடாதீர்கள். அந்த வாரம் வெள்ளைக் காகிதம் வைத்தாலும் கூட்டம் வரும்.

வரைகிறவரை அமர்த்துகிறவர்களுக்கு இரண்டு சொல். கோப்பை அடுக்குகள் பிரித்தே வாங்குங்கள்: பின்னணி, ஆட்கள், முக்கியப் பொருள், லோகோ தனித்தனியாக. படுக்கை வாட்டத்தில் இருப்பதை நெடுங்கட்டமாக மாற்றும்போது ஆட்களை நகர்த்தியாக வேண்டும். ஒரே தாளாக ஒட்டிய படத்தில் அது முடியாது. பின்னணியை நாலாபக்கமும் தேவைக்கு மேல் நீட்டி வரையச் சொல்லுங்கள். வணிக உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கூலி, எனக்குத் தெரிந்த வட்டாரத்தில், சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். இயந்திரம் வரைந்து கொடுக்குமே என்று கேட்கிறவர்களுக்கு: 2024 ஜனவரியிலிருந்து அப்படிச் செய்ததை ஸ்டீமிடம் தெரிவிக்க வேண்டும், அது கடைப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வரும். அதைப் பார்த்ததும் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி என் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம், நான் சொல்வதைப் பாதியாகக் கழித்துக் கேளுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பூனை வந்தது.

கேமில் ஒரு பூனை இருக்கிறது. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்ததும், 2024 செப்டம்பர் 1-இல்தான் அது நீங்கியதும் இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். கேம் நடப்பது தடைக் காலத்தில். எட்டாம் மாடி வீட்டுக்காரர் அலமாரிக்குள் பூனையை ஒளித்து மாற்றச் சொல்கிறார். அலமாரியை ரொம்பச் சாய்த்தால் அது கத்திவிடும், புளோக்குக்கே கேட்கும். அழகான கட்டம், நான் அதில் பலமுறை மாட்டிக்கொண்டேன். ஆனால் மொத்தக் கேமில் அது ஒரே ஒரு கட்டம். தம்பி என்ன சொல்கிறான் என்றால், பூனையைக் கேப்ஸ்யூலில் போடுவோம். சோபாவின் கைப்பிடி மேல் உட்கார்ந்திருக்கட்டும். இணையத்தில் பூனைக்கு இருக்கிற மவுசு உங்களுக்குத் தெரியாதா அக்கா? நம்மூர் கேம் நிறுவனம் ஜென்டில்ப்ரோஸ் 2017-இல் 'கேட் குவெஸ்ட்' கேமை விட்டு, அடுத்தடுத்த பாகங்கள்வரை போய்விட்டார்களே?

தெரியும். அங்கே பெயரே பூனை, ஆடுகிறவரும் பூனை, எதிரியைத் தவிர மற்றதெல்லாம் பூனை என்று சொல்லும் அளவுக்குப் பூனை. பூனை கேட்டு வந்தவருக்குப் பூனை கிடைக்கிறது. இங்கே பூனையைப் பார்த்து வந்தவர் எட்டாம் மாடிவரை சோபா தூக்க வேண்டும். பேய்க் கதைதான் இதுவும், மீசை வைத்திருக்கிறது அவ்வளவுதான். தவிர, பூனை வந்தால் கண் பூனைக்குத்தான் போகும். பாட்டியின் புருவத்துக்கு வேலை போய்விடும்.

ஹீரோ படத்தில், ஏழாம் மாடிச் சன்னல் ஒன்றில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிகிற மாதிரி வரைந்து தருகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறேன். அது ஏற்கெனவே வாங்கியவர்கள் பார்க்கிற இடம், யாரையும் ஏமாற்றாது. எட்டாம் மாடி என்று திருத்தினான். சரி, எட்டாம் மாடி. அதிலும் திருப்தியில்லை போல. நேற்று அவன் அம்மா தேக்காவில் என்னைப் பார்த்து, மீன் வாங்குகிற இடத்தில் நிறுத்தி, "அந்தப் பூனையைப் பெருசாப் போட்டுக் கொடுத்தா என்னவாம்?" என்று கேட்டார். இந்த வாரக் கடைசிக்குள் கோப்புகளை அனுப்ப வேண்டும். வால்தான் அனுப்பப் போகிறேன்.